மடியில் வந்த உடுக்கை

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நின்றதுமே ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்: "பட்டா, கோயிலாம்மா?" வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு வர இந்த இரண்டைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவருடைய முடிவு.

"ரெண்டும் இல்லைங்க. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "பொடவயில டேமேஜாம்மா? எந்தக் கடைன்னு சொல்லு, நான் வந்து கேக்கறேன்" என்று எனக்காகச் சண்டை போடவே கிளம்பிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் அந்த நிமிடமே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் எனக்காக யாரும் இவ்வளவு சீக்கிரம் கோபப்பட்டதில்லை.

பெட்டிக்குள் இருந்தது புடவை இல்லை, ஓர் உடுக்கை. இடுப்பு சிறுத்த, கறுத்த மரம். இரண்டு பக்கத் தோலும் எப்போதோ கிழிந்து போய்விட்டிருந்தன. விமானத்திலும் சரி, சென்னையிலிருந்து வந்த பேருந்திலும் சரி, அதை மடியை விட்டு நான் இறக்கவில்லை. நடத்துனர் பெட்டியை மேலே வைக்கச் சொல்லிப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்கப் போய்விட்டார்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பொருள்களைத் துடைத்துப் பாதுகாப்பது என் வேலை. எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, அதற்கு முன் செங்கல்பட்டு ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தவர். வரும்போது கொண்டுவந்த சாமான்களைச் சாகும்போது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்று இந்த உடுக்கை. கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: 'இருளர் உடுக்கை, கூரம் ஏரிக்கரை.'

சில வருடங்களுக்கு முன் எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் வந்து, கண்ணாடிக்குள் இருந்த தங்கள் மர முகமூடிகளைக் கேட்டார்கள். எங்கள் மேலதிகாரி யோசித்து யோசித்துக் கடைசியில் கொடுத்துவிட்டார். கொடுத்துப் பார்த்தவருக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. இன்னும் யாருடையது எதெல்லாம் நம்மிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். அப்படித்தான் நான் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்கு வந்தேன். ஆனால் மனிதருக்குக் கவலையும் ஜாஸ்தி. கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "மேலே கூரை, கதவுக்குப் பூட்டு, சுற்றிலும் கண்ணாடி. இந்த மூன்றும் இருந்தால் அவர்களிடம் கொடு. இல்லையென்றால் சென்னையில் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டு வா."

முதல் நாள் சாப்பாட்டில் கழிந்தது. விடுதிக்குக் கீழே இருந்த உணவகத்தில் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். பரிமாறியவர் என்னைப் பட்டினி கிடந்து வந்தவள் என்று நினைத்துவிட்டார். "மொதல்ல ஒக்காரும்மா, தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இலை நிறைய வைத்தார். கோயில் இட்லி என்று ஒன்று வந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்தது. எங்கள் ஊர் லெமாங் சோறும் மூங்கிலில்தான் வேகிறது. கடல் கடந்து வந்து உறவுக்காரியைப் பார்த்தது போல் அதைப் பார்த்தேன். நம் ஊர் ஆட்கள் சமைக்கத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான், எது நம் ஊர் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் காலை பிள்ளையார்பாளையத்துக்கு, தேவகியின் வீட்டுக்குப் போனேன். கடிதம் போட்டுத் தேடியதில் எனக்குக் கிடைத்தவள் தேவகி. நெசவுக் குடும்பத்துப் பெண். ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் என்று இருளர் குடியிருப்புகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஒரு சங்கத்தில் வேலை செய்தாள். 'கட்டாயம் மாசி மாதம் வாருங்கள்' என்று அவள்தான் எழுதியிருந்தாள். வெயில் குறைவாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் வீட்டுத் தறியில் அரக்குநிறப் புடவை ஒன்று பாதி வளர்ந்திருந்தது. தேவகியின் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். தேவகி வெட்கமே இல்லாமல் மொழிபெயர்த்தாள்: "மலேசியாலேந்து வந்தவன்னு சொல்றீங்க, சாயம் போன நூல் பொடவையக் கட்டிக்கினு இருக்காளேன்னு கேக்கறாங்க." எல்லாரும் சிரித்தோம். மாமியாரும் சிரித்தார். அவருக்கு நான் புரிந்துகொண்டதில் வருத்தமே இல்லை. பதில் வருமா என்று பார்த்தார். ஊருக்குத் திரும்புவதற்குள் பட்டு வாங்கிவிடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் காபி வந்தது.

கூரம் போகும் பேருந்து பாதி வழியில் பஞ்சர் ஆனது. எங்கள் ஊரில் பேருந்து நின்றுவிட்டால் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்து பெருமூச்சு விடுவார்கள். இங்கே ஆளாளுக்கு இறங்கி ஓட்டுநருக்கு யோசனை சொன்னார்கள். சக்கரத்தைப் பார்க்காதவர்கள்கூடச் சொன்னார்கள். கடைசியில் நாங்கள் இருவரும் நடந்தோம். தேவகி பெட்டியை வாங்க இரண்டு முறை கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

ஏரிக்கரையை ஒட்டி, புங்க மரங்களுக்கு இடையில் சில குடிசைகள். காசியம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். அவளும் அவள் தம்பி முனுசாமியும் மரம் வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் பாட்டன் கையில் இருந்ததுதான் இந்த உடுக்கை என்று தேவகி ஏற்கெனவே விசாரித்து எழுதியிருந்தாள்.

நான் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

"கையில இன்னாமா, புண்ணா?" என்றாள் காசியம்மாள்.

"இல்லைங்க. வேர்வை பட்டா மரம் கெட்டுப்போயிடும்னு போட்டுக்கறது."

"எங்க பாட்டன் வேர்வ பட்டுத்தாம்மா அது கறுத்திருக்குது" என்றாள். கேலிதான். ஆனால் பெட்டிக்குள் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். தொடவும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முனுசாமி மட்டும் பக்கத்தில் குனிந்து, ஒரு நூலால் உடுக்கையின் வாயை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

கழுத்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "பாத்தியா தேவகி, கடலுக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்கு நாங்க இருளருன்னு தெரிஞ்சிருக்குது. இந்தாண்ட இருக்கற தாலுக்கா ஆபீசுக்கு இன்னும் தெரியலியே" என்றாள். சான்றிதழுக்காக நடந்து நடந்து களைத்த தேவகிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

"இது போன பிறகு வேற உடுக்கை செஞ்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"எப்டிமா செய்றது? ஒடஞ்சிச்சி, மக்கிச்சின்னா மண்ணுல வச்சிட்டு வேற செய்யலாம். இது எங்கியோ இருக்குதே. தொரை கப்பல்ல ஏத்திக்கினு போய்ட்டான்னு எங்கப்பா சொல்லுவாரு. இருக்கும்போதே வேற ஒண்ணக் கொண்டாந்து வச்சிட்டா, நாளைக்கு அது திரும்பி வந்து பாத்து இன்னா நெனைக்கும்?"

"அப்ப சாமியை எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவள் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிக் காட்டினாள். "இப்டித்தான். எங்கம்மா காலத்துலயும் இப்டித்தான். கை செவக்க செவக்கத் தட்டிக்கினே, இந்த வருசமாவது வந்துடுமான்னு கேக்கும். கேட்டுக்கினேதான் போய்ச் சேந்துச்சி."

சரி, கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், கூரை கண்ணாடியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த அதே நேரத்தில் காசியம்மாள் ஒரு குண்டைப் போட்டாள்.

"நாளன்னிக்கு மாசி மகம். மாமல்லபுரத்துல எங்க சாமி கன்னியம்மா கரைக்கு வருவா. கடல் தாண்டிப் போனது கடல்லேந்துதாம்மா வரணும். அங்க எடுத்துக்கினு போய், தண்ணியில எறக்கி எடுத்து அவளுக்குக் காட்டிட்டு, அப்பறந்தான் வூட்டுக்கு. கொண்டாந்தவதான் எறக்கணும். நீதான் வரணும்."

"கடல்லயா? உப்புத் தண்ணிலயா?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எங்கள் ஊர் மழைக்காற்று இதன்மேல் படாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உப்பு ஏறினால் மரம் உள்ளுக்குள் வெடிக்கும் என்றேன். பக்குவமாகச் சொன்னேன், பிறகு பயமுறுத்தியும் சொன்னேன்.

காசியம்மாள் கோபப்படவில்லை. "எறக்கலன்னா வேணாம்மா. நீயே எடுத்துக்கினு போய்டு. வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போச்சின்னு நெனச்சிக்கறோம்" என்றாள். சொல்லும்போது அவள் கண் என்மேல் இல்லை, பெட்டிமேல் இருந்தது.

திரும்பி வரும்போது தேவகியிடம் சண்டை போட்டேன். "மாசியில வரச் சொன்னது இதுக்குத்தானா?" என்றேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களாக்கா?" என்றாள். வந்திருக்க மாட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியது.

மூன்றாம் நாள், என் கோபத்தைத் தணிக்கவோ என்னவோ, தேவகி ஒரு கண்ணாடி அலமாரியோடு வந்து நின்றாள். ஒரு பட்டுக்கடையில் பழையதைக் கழித்துப் புதியது வாங்கினார்களாம், கேட்டு வாங்கி வந்துவிட்டாள். ஆள் உயரம். கண்ணாடிக் கதவுகளில் சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் 'முகூர்த்த', இன்னொரு பக்கம் 'பட்டு' என்றிருந்தது. அதை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றிக் கட்டி, நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கூரம் போனோம். வழியெல்லாம் ஆட்கள் நின்று கல்யாண வீடு எங்கே என்று கேட்டார்கள். ஒரு வேகத்தடையில் வண்டி குதித்ததில் 'முகூர்த்த' நொறுங்கி ரோட்டில் கொட்டியது. 'பட்டு' மட்டும் பிழைத்தது.

குடிசை வாசலில் ஆள் குனிந்துதான் நுழைய முடியும். அலமாரி குனியுமா? நேராக, படுக்கையாக, சாய்வாக என்று எல்லா விதமாகவும் நுழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் புங்க மரத்தடியில் நிறுத்தினோம். முனுசாமி எங்கிருந்தோ ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து மேலே போர்த்தினான். "கூரை ஆயிடுச்சி" என்றான். சைக்கிள் சங்கிலிப் பூட்டு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டினான். "பூட்டும் ஆயிடுச்சி. கண்ணாடி பாதி இருக்குது. உங்க ஆபீசருக்குப் போதுமாம்மா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. காசியம்மாள் அலமாரியைச் சுற்றி வந்து, தட்டுகளைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல மரம். எங்களுக்காகத் தூக்கிக்கினு வந்திருக்கீங்க, மாட்டேன்னு சொல்வனா? வச்சிக்கறோம். ஆனா மொதல்ல கடலு" என்றாள்.

மாலை காஞ்சிபுரம் திரும்பியதும் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மேலதிகாரியின் எண்ணில் பாதி சுழற்றியதும் விரல் நின்றுவிட்டது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சென்னைக்குப் போ என்பார். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டேன். ஓராங் அஸ்லி மக்கள் முகமூடிகளை வாங்கிக்கொண்ட அன்று, எங்கள் முற்றத்திலேயே அவற்றை முகத்தில் மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். நான் பார்த்துப் பார்த்துத் துடைத்த மரத்தில் வியர்வை வழிந்தது. கத்தப் போனேன். இதே மேலதிகாரிதான் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்முடையதாக இருந்தால் கத்தலாம்" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டேன். "லைன் கெடைக்கலியா மேடம்?" என்றார் பூத்துக்காரர். கிடைத்துவிட்டது என்றேன்.

மறுநாள் மாமல்லபுரம் போகும் பேருந்தில் கூட்டம் பிதுங்கியது. கூரத்துக்காரர்கள் மட்டுமல்ல, வழியில் ஏறியவர்களில் பாதிப் பேர் இருளர்கள்தான். பாத்திரம், அரிசி, பாய், கோழி. என் பெட்டியின்மேல் ஒரு பெண் தன் சோற்றுப் பானையை வைத்தாள். முறைத்துப் பார்த்தேன். அவள் சிரித்தாள். என் முறைப்புக்கு அங்கே மதிப்பில்லை.

கடற்கரை முழுக்கப் பழைய புடவைகளைக் கம்பில் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். பினாங்குக் கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் விரித்திருக்கும் குடைகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் அங்கே யாரும் பக்கத்துக் குடைக்குக் குழம்பு கொடுத்து அனுப்புவதில்லை. எனக்கு மூன்று கூடாரங்களிலிருந்து வந்தது.

விடியும் நேரத்தில் பெண்கள் ஈரமணலில் கன்னியம்மாவுக்கு ஏழு படிகள் பிடித்து, பூவும் பழமும் வைத்தார்கள். காசியம்மாள் என்னைத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். பெட்டியைத் திறந்தேன். பழக்கத்தில் கை கையுறையை எடுத்துவிட்டது. நானே அதைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அத்தனை வருடங்களில் முதன்முதலாக அந்த மரத்தை வெறுங்கையால் தொட்டேன். நினைத்ததைவிட வழவழப்பாக இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் முதல் அலை வந்ததும் நான் என்னை அறியாமல் உடுக்கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டேன், கண்ணனைச் சுமந்த வசுதேவர் மாதிரி. கரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"எறக்குமா, எறக்கு. அதுக்கு நீஞ்சத் தெரியும்" என்றாள் காசியம்மாள்.

இறக்கினேன். அலை அதன் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. எடுத்தபோது மரத்திலிருந்து புகை வாசம் வந்தது. அடுப்புப் புகை. அவ்வளவு காலம் துடைத்தவளுக்கு அப்படி ஒரு வாசம் அதற்குள் இருப்பது தெரியாது. அழுதுவிட்டேன். உப்புத் தண்ணீரில் நிற்கும்போது அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். காசியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஈரக்கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உடுக்கையை வாங்கினாள்.

"அங்க தனியாவா கெடந்துச்சி?" என்று கேட்டாள்.

"இல்ல. பக்கத்துல ஒரு மூங்கில் புல்லாங்குழல் இருந்துச்சு. எங்க ஊர்க் காட்டு மக்களோடது."

"அப்ப சரி. தொணைக்கு ஆள் இருந்திருக்குது" என்றாள். அந்தக் கவலை தீர்ந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

முனுசாமி நூலில் எடுத்த அளவுக்கு இரண்டு வளையங்கள் செய்து, தோல் போர்த்திக் காயவைத்துத் தயாராகக் கொண்டுவந்திருந்தான். மரத்தைத் துண்டால் துடைத்து, வளையங்களை வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான். அதற்குள் படிகளின் முன்னால் பெண்கள் கன்னியம்மாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், வழக்கம்போலக் கை தட்டி. அந்தத் தட்டலுக்குள் முனுசாமி விரலை வைத்தான். கண்ணாடிக்குள் நான் பார்த்திருந்த அந்தச் சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கை எதுவும் நிற்கவில்லை. உடுக்கை வந்துவிட்டது, இனித் தட்ட வேண்டாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காசியம்மாள்தான் முதலில் தன் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கம்மா தட்டுனதுமா இது. எப்டி நிறுத்தறது?" என்றாள். நிறுத்தாமல்தான் சொன்னாள்.

உப்பு காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்த கைகளால் நானும் தட்டினேன்.